பாதிக் குளிசை

வணக்கம் பிள்ளைகளே, எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? இந்த மழைக்கு எங்கள் உடுப்பிட்டியில் வீட்டுக்கு ஒருவர் இருமுகிறார். உங்கள் பக்கம் எப்படியோ? நான் பரவாயில்லை. மார்பில் வந்த கட்டியை வெட்டி எடுத்து ஒன்றரை வருடமாகிறது. இன்றைக்கு எழுதப்போவது பக்கத்து வளவுப் பொன்மலரைப் பற்றி. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

"எழுதடி கௌரி, ஆனா என்ரை வயசைப் போட்டிடாதை" என்றாள். என் வயதுதான் அவளுக்கும். இதற்கு மேல் சொல்லவில்லை.

அவர்கள் வேதக்காரர், நாங்கள் சைவம். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். சிலேற்றுப் பென்சில் முறிந்தால் ஆளுக்கொரு துண்டு. நத்தாருக்கு அவர்கள் வீட்டுக் கேக், பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் புக்கை, எல்லாம் வேலிப் பொட்டுக்குள்ளால் போய்வரும். எண்பத்தேழில் ஷெல் விழுந்த நாட்களில் கோயில் மண்டபத்தில் பேக்கரியில் வாங்கிய ஒரு இறாத்தல் பாணை நடுவே பிய்த்து இரண்டு குடும்பமும் தின்றோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரத்தை நூல் போட்டு அறுத்துப் பங்கிட்டோம். அந்த நாட்களில் இருந்த கஷ்டம் இப்போது நினைவில் வருவதில்லை. அவள் சிரித்த சிரிப்புத்தான் வருகிறது.

என் கட்டி தெரியவந்து மூன்று மாதத்தில் அவளுக்கும் வந்தது.

"வருத்தத்திலயும் என்னை விடமாட்டாய் போல" என்றாள்.

இருவருக்கும் புற்றுநோய்தான்; இன்னொரு சோதனைக்கென்று இருவரின் கட்டியிலும் ஒவ்வொரு துண்டை எடுத்துப் பரிசோதித்தார்கள். எனக்குப் பொசிற்றிவ், அவளுக்கு நெகற்றிவ் என்று வந்தது. எங்களுக்கு அது பள்ளிக்கூடப் பெறுபேறு மாதிரித்தான் பட்டது: நான் பாஸ், அவள் ஃபெயில். எனக்கு ஐந்து வருடத்துக்குத் தினம் ஒரு குளிசை என்றார்கள். அவளுக்கு ஊசி மருந்து மட்டும். ஊசி ஏற ஏறத் தலைமுடி கொட்டியது, தின்றதெல்லாம் சத்தியாக வெளியே வந்தது.

"உனக்கு வீட்டில இருந்து விழுங்கிற மருந்து. எனக்குக் குளிசை ஒண்டும் எழுதேல்லையடி. தட்டுப்பாடாக்கும்" என்றாள் ஒருநாள்.

மண்ணெண்ணெய் முதல் பால்மா வரைக்கும் தட்டுப்பாட்டில் வளர்ந்த எங்களுக்கு வேறென்ன தோன்றும்? கிளினிக்கில் முடிந்துபோயிருக்கும், வெட்கத்தில் அவர்கள் சொல்லவில்லை என்று நானும் நம்பினேன்.

"எனக்குக் கூடத் தந்திருக்கினம். வா, பாதி தாறன்" என்றேன். பொய். எனக்குத் தந்தது நாளுக்கு ஒன்றுதான்.

மாமியாரின் பாக்குவெட்டியால் குளிசையை இரண்டாக வெட்டி, தேத்தண்ணியோடு அவளுக்கு ஒரு பாதி, எனக்கு ஒரு பாதி. நான்கு மாதம் இப்படியே போயிற்று. உண்மையைச் சொன்னால், எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. மறுபடியும் ஒரே வாங்கில் இருக்கிற மாதிரி.

ஒருநாள் காலை அவளுடைய இடது கால் கெண்டைக்கால் வரைக்கும் வீங்கிச் சிவந்து கிடந்தது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கான் செய்து பார்த்து, இரத்தக் குழாய்க்குள் இரத்தம் கட்டிபட்டிருக்கிறது என்று வார்ட்டில் மறித்துவிட்டார்கள். டொக்டர் தர்சிகா வந்தா. சின்னப் பெண், ஆனால் கண் கூர்மை.

"வேற ஏதும் மருந்து பாவிக்கிறியளோ அம்மா? கசாயம், சூரணம் ஏதும்?"

"ஒண்டுமில்லை டொக்டர்" என்றாள் பொன்மலர், என்னைப் பார்க்காமலே.

"வடிவா யோசியுங்கோ. காலில இருக்கிற இரத்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறினா உயிருக்கு ஆபத்து. காரணம் தெரிஞ்சால்தான் நான் மருந்தைத் தீர்மானிக்கலாம்."

"இல்லை" என்றாள் திரும்பவும். எனக்கு ஏச்சு விழக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு கிடக்கிறாள். சின்ன வகுப்பிலும் அப்படித்தான். நான் கொட்டிய மைக்கு அவள் அடி வாங்கியிருக்கிறாள்.

"டொக்டர், உவள் பொய் சொல்லுறாள். என்ரை குளிசையில பாதி குடிக்கிறாள். நான்தான் குடுத்தனான்."

டொக்டர் ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"கௌரி அம்மா, உங்கடை கட்டியின்ரை செல்லுகளில ஒரு புரதம் இருந்தது. அதைக் காதெண்டு நினையுங்கோ. உடம்பில ஊறுற ஓமோன் வந்து 'வளர், வளர்' எண்டு சொல்ல, அந்தக் காது கேக்கும், கட்டி வளரும். கட்டியை வெட்டினாலும், மிச்சம் கிடக்கிற செல் ஒண்டு ரெண்டு கேட்டுக்கொண்டிருக்கலாம். உந்தக் குளிசை போய் அந்தக் காதை அடைக்கும். பொசிற்றிவ் எண்டால் காது இருக்கெண்டு அர்த்தம். பொன்மலர் அம்மான்ரை கட்டியில அந்தக் காதே இல்லை. பிறகு குளிசை எதை அடைக்கிறது? அதுக்கு ஊசிதான்."

"அப்ப என்ரை கட்டி செவிடோ டொக்டர்?" என்று படுத்தபடியே கேட்டாள் பொன்மலர்.

"ஓம், சரியான செவிடு. அதோட, இந்தக் குளிசை சிலருக்கு இரத்தத்தைக் கட்டிபடப் பண்ணும். ஊசியும் ஏறுற நேரத்தில இன்னும் மோசம்." பிறகு என் பக்கம் திரும்பினா. "உங்களுக்கும் பாதி அளவு போதாது அம்மா. ஒரு நாளைக்கு ஒண்டுதான் கணக்கு. நாலு மாதம் உங்கடை காது அரைவாசி திறந்துதான் கிடந்திருக்கும்."

பொன்மலர் எழும்பி உட்கார்ந்தாள்.

"ஒரு நாளைக்கு ஒண்டோ? கூடத் தந்தவையெண்டெல்லோ சொன்னனி!"

என் பொய் பிடிபட்டுவிட்டது.

"உன்ரை உயிரையோடி வெட்டித் தந்தனி? ஆர் கேட்டது? பாணோடி அது, பிய்ச்சுத் தர?" அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கத்தி முடித்து அழுதாள். நானும் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"பையில வைச்சிருக்கிறியோ? எடு. எனக்கு முன்னால போடு. முழுசா."

எடுத்தேன். அறுபது வருடமாகப் பங்கிட்டுப் பழகிய கைக்கு முழுக் குளிசை பாரமாக இருந்தது. அவள் தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்தாள். விழுங்கினேன்.

"வாயைத் திற" என்றாள். திறந்தேன். நாக்குக்கு அடியிலும் பார்த்த பிறகுதான் படுத்தாள்.

அவளுக்குக் கால் வீக்கம் வற்றி, ஊசியும் முடிந்துவிட்டது. எனக்கு இதுவரை எடுத்த சோதனைகளில் ஒன்றும் காணவில்லை. இனி என்னவென்று ஒருவருக்கும் தெரியாது.

உங்களில் யாராவது அன்பு மிகுந்துபோய் இப்படி மருந்தைப் பங்கிட்டதுண்டா? வெட்கப்படாமல் எழுதுங்கள் பிள்ளைகளே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொன்மலரும் நானும் சேர்ந்தே வாசிப்போம்.