கவனித்தால் மட்டும் ஓடும் மூச்சு

தக்காளி கிலோ நூற்றிருபதுக்கு ஏறிய அதே ஆடி மாத வாரத்தில், பிள்ளையார்பாளையத்தில் முப்பத்தொரு நெசவாளர்களுக்கு மூச்சு தானாக ஓடுவது நின்றுபோனது. அந்த வாரம் யாரும் சாகவில்லை. இழு என்று நினைத்தால் உள்ளே போனது, விடு என்று நினைத்தால் வெளியே வந்தது. நினைக்க மறந்தால், பத்திரிகை வைக்காத சம்பந்தியைப் போல வாசலோடு நின்றுகொண்டது. தூங்கினால் நின்றுவிடும், நின்றதும் திடுக்கென்று விழிப்பு வரும். ஆகவே முப்பத்தொரு பேரும் தூங்குவதை விட்டார்கள்.

காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. பட்டுக்கடை முதலாளி பூவராகவன் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் மைண்ட்ஃபுல்னெஸ் கருத்தரங்குக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாடு பிரமாதமாக இருந்ததால் தத்துவமும் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார். சேலையில் விழும் பிசிறுக்கெல்லாம் நெசவாளியின் அலைபாயும் மனமே காரணம் என்று அறிவித்து, கருடசேவை முடிந்த மறுவாரம் பிரேம்நாத் என்பவரைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துவந்தார். பிரேம்நாத் நான்கு வருஷத்துக்கு முன்புவரை தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவர். எல்லோருக்கும் முதுகில் கடைப்பெயர் போட்ட வெள்ளை டி-ஷர்ட் கொடுத்து, சாப்பிடும்போது, குளிக்கும்போது, தறியில் உட்காரும்போது மூச்சை மட்டும் கவனியுங்கள், தினம் பத்து நிமிஷம் போதும் என்றார். சென்னையில் எத்தனையோ கம்பெனிகளில் இதையே சொல்லியிருக்கிறார். அங்கே யாரும் செய்யாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே இருந்தவர்கள் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் விரல்நுனியில் கண்டுபிடிப்பவர்கள். பத்து நிமிஷத்தை அவர்கள் மதிக்கவில்லை. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு மூச்சையும் விடாமல் எண்ணினார்கள். நாற்பத்தொன்பதாம் நாள் மூச்சு, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டது.

முறையிடப் போனவர்களைப் பிரேம்நாத் கைகூப்பி வரவேற்றார். இது மிக உயர்ந்த நிலை என்றும், இமயமலையில் இருபது வருஷம் உட்கார்ந்தவர்களுக்கே வாய்க்காது என்றும், இரண்டாம் நிலைப் பயிற்சியில் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னார். மண்டபத்தில் எல்லோரும் கண்மூடியிருந்த நேரமெல்லாம் அவர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் மூச்சு ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

முப்பத்தொரு பேரில் முதலில் செத்துப்போனவர் முருகேசன். டீக்கடை டிவியில் கடைசி ஓவர், கடைசிப் பந்து. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை பார்த்தார், அதற்குள் மூச்சை மறந்திருந்தார். அவ்வளவு சந்தோஷமான பிணத்தைத் தெரு பார்த்ததில்லை. மாரடைப்பு என்று எழுதினார்கள். பூவராகவன் மாலையோடு வந்து, இந்தக் கணத்தில் வாழ்வது பற்றிப் பதினோரு நிமிஷம் பேசினார். டி-ஷர்ட் போட்டவர்கள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததால் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. புரட்டாசிக்குள் இன்னும் நான்கு பேர் போனார்கள்.

மாணிக்கவாசகம் போயிருக்கவேண்டியவர்தான். அவர் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் இடப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை இழை சுற்றிய நாடாவைத் தள்ளவேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்திருப்பவள் அவர் மனைவி தில்லையம்மாள். காபி எப்போது வரும் என்று கேட்டதற்காக இரண்டாம் நாளே வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவள். ஒரு மதியம், நாலு நாளாக ஒரு கோழித்தூக்கமும் இல்லாத மாணிக்கவாசகம் தறிக்கம்பத்தில் சாய்ந்து, திடுக்கிட்டு விழிக்கவும் முடியாத அசதியில் உறங்கிவிட்டார். அவள் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள், மார்பு ஏறி இறங்கியது. குக்கர் மூன்றாவது விசில் அடிக்க, அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் அவர் உதடு மசி பூசினாற்போல் இருந்தது. அவள் உற்றுப் பார்த்தாள், மார்பு அசைந்தது. சுவர்ப்பக்கம் திரும்பினாள், நின்றது. திரும்பிப் பார்த்தாள், ஓடியது.

அவள் தெருவுக்குச் சொன்னாள். கோர்வைத் தறிகளில் இரண்டாவது ஆள் ஏற்கெனவே இருந்ததால் அந்த வீடுகள் ஒரே வாரத்தில் நிமிர்ந்தன, தனித்தறிக்காரர்கள் மச்சினியையும் மாமியாரையும் வரவழைத்தார்கள். 'இரு மனங்களின் விழிப்பில் நெய்தது' என்று அட்டை கட்டி, பூவராகவன் சேலைக்கு நாலாயிரம் ஏற்றினார்.

ஆனால் அடுத்தவர் மூச்சை வெகுநாள் பார்த்தவர்கள், என்றாவது ஒருநாள் தங்கள் மூச்சையும் பார்த்துவிட்டார்கள். கார்த்திகையில் தில்லையம்மாளுக்கும் அது வந்தது. "எனக்கும் நின்னுட்சிங்க" என்றாள். "நீ தூங்கு. நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார் அவர். பிறகு இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. அவள் பயமெல்லாம் மகள் காயத்ரியைப் பற்றித்தான். காயத்ரி ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்து, விடுதியில் தங்கி, ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருபவள். பெண்ணை வரவழைத்து முறையில் சேர்த்துக்கொள்ளேன் என்ற பக்கத்து வீட்டுக்காரியோடு தில்லையம்மாள் பேச்சையே நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியைச் சத்தமாக வைத்தாள், மிக்சியைக் காலியாகவே ஓட்டினாள், மகள் காதில் மூச்சுச் சத்தமே விழாதபடி பேசிக்கொண்டே இருந்தாள்.

"இன்னாமா, மூச்சு வுடாம பேசிக்கினே இருக்க?" என்று ஒருதரம் காயத்ரி சிரித்தாள். தில்லையம்மாளின் கை ரசக்கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. "அத்த எதுக்கு நெனைக்கிற? அப்பளம் எடுத்துக்கோ" என்றாள்.

தை மாதத்து ஒரு ஞாயிறு. காயத்ரி பையை வைத்துவிட்டு, கம்பெனியில் பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்து கிளாஸ் எடுத்ததைச் சொன்னாள். மற்றவர்கள் டிமிக்கி கொடுத்தார்கள், தானும் அறைத் தோழிகள் மூன்று பேரும் மட்டும் ஒருநாள்கூட விடவில்லை என்றாள். "கடைசில சர்ட்டிபிகேட் குடுத்தாங்கமா. அதுல…" என்று சொல்லிவந்தவள் பாதியில் நிறுத்தினாள். நகரத் தொடங்கிய பஸ்ஸில் கால் வைப்பவளைப் போலக் கவனமாக ஒரு மூச்சை எடுத்தாள். எடுத்தபின், "அதுல என் பேரைத் தப்பா போட்டுட்டாங்க" என்று முடித்தாள்.

தில்லையம்மாள் மிக்சியை நிறுத்தினாள். மாணிக்கவாசகம் டிவியை அணைத்தார். விடுதியில் எப்படித் தூங்குகிறாய் என்று மட்டும் அவர் கேட்டார். நாலு பேர் இருக்கிறோம், முறை போட்டிருக்கிறோம் என்றாள் காயத்ரி.

திங்கள்கிழமை முதல் ஷிப்டுக்கு அவள் போகவேண்டியிருந்ததால், அன்று சாப்பிட்டதும் முதல் தூக்கம் அவளுக்கே கொடுக்கப்பட்டது. தில்லையம்மாள் பாயை விரித்து, தலைமாட்டில் உட்கார்ந்து, மகளைப் பார்க்கத் தொடங்கினாள்.