இரண்டு விரல் இடைவெளி

அந்த மெசினை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பதினொரு வருஷமாக என் கை செய்த வேலையைச் செய்ய அது வந்திருந்தது. பிறகு எப்படிப் பிடிக்கும்?

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எங்கள் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். சலித்து முடித்த தூள் ஒரு நீளமான பெல்ட்டில் ஏறிப் போய், அதன் முனையிலிருந்து தொட்டிக்குள் கொட்டும். தொட்டியிலிருந்து பெட்டிக்குப் போகும். அந்தத் தூளில் கொஞ்சம் எடுத்துக் கொழும்புக்கு மாதிரி அனுப்ப வேண்டும். எடுப்பது நான். எந்த இடத்தில் தூள் கறுப்பாக, ஒரே சீராக விழுகிறதோ அந்த இடத்துக்கு என் கை தானாகப் போகும். கடைசியில் அதுவே வினையாகிவிட்டது. மாதிரி ஒரு தினுசு, பெட்டிக்குள் இருப்பது வேறு தினுசு என்று வாங்குகிறவர்கள் எழுதிப் போட்டார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு வார்த்தை பேசாமல் மெசினைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

பெரிய மெசின் ஒன்றுமில்லை. ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் பித்தளைக் கிண்ணம். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கை நகரும். பெல்ட் முனையில் விழுகிற தூளை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை குறுக்கே வெட்டிப் பிடிக்கும். பிடித்ததைப் பூட்டுப் போட்ட டின்னில் கவிழ்த்துவிட்டு, பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தகரக் கூட்டுக்குள் திரும்பிவந்து, ஓர் இரும்புக் கட்டையில் முட்டி நிற்கும். நல்ல தூள், கெட்ட தூள் என்று பார்க்காது. விழுவது எதுவோ அதைப் பிடிக்கும். டின் சாவி துரையிடம்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் ஆயுத பூசை வந்தது. அது அறுபத்துமூன்றாம் வருஷம்.

ஸ்டோரில் ஆயுத பூசை என்றால் இலை அரைக்கிற ரோலரிலிருந்து மூலையில் கிடக்கிற விளக்குமாறு வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஓர் எலுமிச்சம்பழம். அந்த வருஷம் துரை வந்து அரைகுறைத் தமிழில் உத்தரவு போட்டார். "புது மெசின்ல பொட்டு வேணாம், பூ வேணாம். ஒருத்தனும் தொடக் கூடாது."

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மெசினை நான் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன்தான். ஆனாலும் பூசை போடாத மெசின் காவு கேட்கும் என்று கேட்டே வளர்ந்தவன். நாளைக்கு யாராவது ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுத்தால் யார் பதில் சொல்வது? எல்லாரும் சுண்டலுக்கு வரிசையில் நின்றபோது நான் தகரக் கூட்டைத் திறந்தேன். இரும்புக் கை முட்டி நிற்கிற கட்டையில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டினேன். கூட்டை மூடினேன். வெளியே தெரியாது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு சுண்டல் தின்றேன்.

இரண்டு வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மாதிரித் தூளில் மண் இருக்கிறதாம்.

துரை டின்னைத் திறந்து ஒரு வெள்ளைக் காகிதத்தில் தூளைப் பரப்பினார். தூளை ருசி பார்ப்பதும் தரம் சொல்வதும் டீமேக்கர் சூசைரட்ணம் ஐயாவின் வேலை. அவர் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார். நற என்றது. பக்கத்தில் நின்ற எங்களுக்கே கேட்டது.

"இந்தப் பெட்டிகள் திரும்பி வந்தா, ஸ்டோர் வாரம் மூணு நாள்தான் ஓடும்" என்றார் துரை. "மண் எங்கேருந்து வருது?"

ஸ்டோரில் மண்ணோடு புழங்குகிறவள் ஒருத்திதான். காளியாயி. சல்லடைகளுக்குக் கீழே சிந்துகிற தூளைக் கூட்டி அள்ளி, பின்பக்கப் படி இறங்கி, கழிவுக் குவியலில் கொண்டுபோய்க் கொட்டுவது அவள் வேலை. புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அதிர்ந்து பேசமாட்டாள். அந்த நேரத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மூன்று நாள் வேலை என்றதும் எனக்கு வயிறு எரிந்தது.

"அடைமழைல படி எறங்கச் சோம்பப்பட்டுக்கிட்டு, கூட்டுனதப் பெல்ட்டுலயே கொட்டிருப்பா" என்றேன். "நம்ம அத்தன பேரு சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டா."

துரைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நான் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். காளியாயி, "நான் கொட்டலைங்க, மாரியாத்தா மேல ஆணையா கொட்டலைங்க" என்றாள். யார் கேட்டார்கள்? அன்று சாயந்திரமே நாங்கள் குடியிருக்கிற லயம் முழுக்க அவளுக்கு மண்ணள்ளி என்று பெயர் விழுந்துவிட்டது.

சனிக்கிழமை ஒரு சோதனை வைப்பதாகத் துரை சொன்னார். காலை ஒன்பதிலிருந்து பத்து வரை காளியாயி பெல்ட் பக்கமே வரக்கூடாது. அப்போதும் மாதிரியில் மண் வந்தால் அவள்மேல் தப்பில்லை. மண் வராவிட்டால் அவள்தான். அவளுக்குப் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு கையில் வந்தால் வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். பிரஜாவுரிமை இல்லாதவளை வேறு எந்தத் தோட்டத்தில் சேர்ப்பார்கள்? இந்தியாவுக்குக் கப்பலேறு என்பார்கள். அவள் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு வேறு ஒரு கவலை. துரை நாளைக்குத் தகரக் கூட்டைத் திறந்து பார்த்தால்? சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய்க் கூட்டைத் திறந்தேன். பழம் அடி வாங்கி வாங்கிச் சப்பையாகி, காய்ந்து, கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. நூலை அறுத்து, பழத்தை அடுப்பில் வீசிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குத் துரை டின்னைக் காலி செய்து பூட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காளியாயியைத் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள், இரண்டு கையும் வெளியே தெரியும்படி. தூளில் மண் வரவேண்டும் என்று ஸ்டோருக்குள் ஒரு மனுஷி சாமியைக் கும்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

நான் பயந்தபடியே துரை கூட்டைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். இரும்புக் கை தூளை வெட்டிப் பிடித்து, டின்னில் கவிழ்த்து, திரும்பி வந்து, இரும்புக் கட்டையில் டங்கென்று முட்டி நின்றது.

இரண்டு வாரமாக அந்த டங் சத்தமே கேட்கவில்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குனிந்து பார்த்தேன். பெல்ட் திரும்பி ஓடும்போது அதன் அடிப்பக்கம் கீழ் முனையில் தரையை ஒட்டித்தான் போகும். அதில் ஒட்டிக்கொண்டு வருகிற தரைமண் கூட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உதிரும். உதிர்ந்து தரையில் விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இன்றைக்குக் கிண்ணம் கூட்டுக்குள் முழுக்கப் போய் ஒதுங்கி நிற்கிறது. மண் அதைத் தாண்டி விழுகிறது. பழம் கட்டியிருந்த இரண்டு வாரமும் இரும்புக் கை இரண்டு விரல் முன்னாலேயே நின்றிருக்கிறது. ஒவ்வொரு மூன்று நிமிஷமும் கிண்ணம் அந்த மண்ணுக்கு நேர் கீழே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்திருக்கிறது.

பெல்ட்டில் வந்த தூளில் மண்ணே இல்லை. என்னால் மாதிரியில் மட்டும் மண்.

இனி டின்னில் மண் வராது. அவள் நிற்கிற இடத்திலேயே அவளுக்குச் சீட்டு எழுதிவிடுவார்கள். சொல்லிவிடு என்று மனசு சொன்னது. சொன்னால் உனக்குச் சீட்டு என்றும் அதே மனசு சொன்னது. எனக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரமும் நான் வாயைத் திறக்கவில்லை.

பத்து மணிக்கு டின்னைத் திறந்தார்கள். சூசைரட்ணம் ஐயா கடித்தார். இன்னொரு சிட்டிகை எடுத்துக் கடித்தார். தலையைக் குனிந்துகொண்டு, "சுத்தமா இருக்குதுங்க தொரை" என்றார்.

காளியாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துரை பேனாவைத் திறந்து சீட்டில் அவள் பெயரை எழுதுவதற்கு ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டார். அவர் முதல் எழுத்தைப் போட்டபோது என் வாய் தானாகத் திறந்தது.

"தொரை, அது அவ இல்லீங்க. நான்."

சொன்னேன். பழம் கட்டியதை, அறுத்ததை, கிண்ணம் நின்ற இடத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். சூசைரட்ணம் ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார்.

"பழம் எங்கே?" என்றார் துரை.

"அடுப்புல போட்டுட்டேனுங்க."

துரை சிரித்தார். "இவ உனக்குச் சொந்தமா?"

"இல்லீங்க. வேற ஒரு பழத்த வச்சுக் காட்டுறேன் தொரை. ஒரு கட்டையாச்சும்..."

"நீ கொண்டு வர்றது ஒண்ணும் உள்ளே வைக்கக் கூடாது. மண்ணை அதுலேயே ஒட்டிக் கொண்டு வருவே."

அவர் மறுபடியும் பேனாவைக் காகிதத்தில் வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. துரைமேல் வந்ததா, என்மேல் வந்ததா, தெரியாது. பீப்பாய்த் தண்ணீரில் வலது கையை முழங்கை வரை கழுவி, அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இதுல மண்ணு இருக்குதான்னு பாருங்க. இருக்கா? அப்ப டின்ன மறுபடி பூட்டுங்க."

கூட்டுக்குள் கையை விட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து அந்த இரும்புக் கட்டையில் வைத்தேன். சரியாக அந்தப் பழத்தின் தடிமன்.

துரை டின்னைக் காலி செய்து பூட்டிவிட்டு, "அரை மணி நேரம்" என்றார்.

இரும்புக் கை போனது, தூளைப் பிடித்தது, டின்னில் கவிழ்த்தது, திரும்பி வந்து என் விரலில் முட்டியது. முட்டிவிட்டு விலகினாலும் பரவாயில்லை. அடுத்த தடவை நகரும் வரை மூன்று நிமிஷமும் அதை ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது அடியில் நகக்கண் கறுத்தது. நான்காவது அடியில் ரத்தம் வந்து இரும்புக் கட்டையில் வழிந்தது.

"எடுத்துருப்பா அழகுமுத்து" என்று சூசைரட்ணம் ஐயா மெல்லச் சொன்னார்.

எடுத்தால் அந்தச் சீட்டு எழுதி முடியும். நான் எடுக்கவில்லை. வலியைவிட இன்னொரு பயம்தான் என்னை அரித்தது. இன்றைக்குப் பார்த்து மண் உதிராமல் போனால்? நான் நினைத்ததே தப்பாக இருந்தால்? விரலும் போய், அவளும் போய்விடுவாளே. ஆறு. ஏழு. எட்டாவது அடியில் கண் இருட்டியது. ஒரு கையால் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பத்தாவது அடி எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள்.

டின்னைத் திறந்து காகிதத்தில் பரப்பினார்கள். சூசைரட்ணம் ஐயா சிட்டிகை எடுத்தார்.

நற.

மண் பல்லில் அரைபடுகிற சத்தத்துக்கு ஒரு மனுஷன் இப்படிச் சந்தோஷப்படுவான் என்று எனக்கு அதுவரை தெரியாது. துரை தானும் ஒரு சிட்டிகை எடுத்துக் கடித்துப் பார்த்தார். துப்பினார். சீட்டை நாலாகக் கிழித்துப் போட்டார். காளியாயியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். "மெசினைத் தொடாதேன்னு சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து ஸ்டோருக்கு வராதே. மலைக்குப் போய் மண்வெட்டி பிடி."

இதோடு போயிற்றே என்று நினைத்தேன். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது காளியாயி படியில் நின்றாள்.

"மன்னிச்சிரு காளியாயி" என்றேன்.

அவள் துணியில் ஊறியிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். "டிஸ்பென்சரிக்குப் போங்கண்ணே. வெரலு ஒரு மாசத்துல ஆறிடும்" என்றாள். நான் நகரப் போனேன். அவள் விடவில்லை.

"எம் பெரிய மவ மூணு நாளாப் பள்ளிக்கூடத்துக்குப் போகல. மண்ணள்ளி மவள்னு பக்கத்துல ஒக்கார வைக்க மாட்டேங்கிறாங்களாம். தொரை சீட்டக் கிழிச்சுட்டாரு. இத அவரால கிழிக்க முடியாது. மொதல்ல சொன்னது நீங்க. நீங்களே போயி வாசல் வாசலாச் சொல்லுங்க."

"எல்லா வாசல்லயுமா?"

"எல்லா வாசல்லயும்."

எங்கள் தோட்டத்தில் ஆறு லயம். லயத்துக்குப் பன்னிரண்டு காம்பரா. டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டுக்கொண்டு நேரே மேல் லயத்துக்குப் போனேன். முதல் காம்பரா வேலாயியுடையது. கதவைத் தட்ட இடது கையைத் தூக்கினேன். இரும்புக் கட்டையில் விரலை வைத்தது இதைவிடச் சுலபமாக இருந்தது. பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

வேலாயி ஆவலோடு கேட்டாள். "என்னண்ணே, அந்த மண்ணள்ளிக்குச் சீட்டுக் குடுத்தாச்சா?"

"இல்ல வேலாயி. அவ ஒண்ணும் செய்யல. மண்ணு வந்தது என்னால. அவ மேல பழியப் போட்டதும் நான்தான்."

அவள் என் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் பக்கத்துக் காம்பராவுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். வேலாயி கதவைச் சாத்தாமல், அங்கேயும் நான் அதையே சொல்கிறேனா என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.