வெளுத்துப்போன மீட்டர்

வீரபாண்டிப் பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இரண்டு முறை இழுத்துவிட்டு நின்றுபோனது. சிவராஜ் கிக்கரை உதைத்து உதைத்துப் பார்த்தான். டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டினான். உள்ளே சத்தமே இல்லை. பெட்ரோல் தீர்ந்திருந்தது. தீரப்போகிறது என்று மீட்டர் காட்டித்தான் இருக்கும், அவனுக்குத்தான் தெரியவில்லை. மீட்டரின் மேல்மூடி முழுக்க வெள்ளை படர்ந்து, நடுவில் பொடிப்பொடியாக விரிசல் விட்டிருந்தது. வெயில் பட்டால் அந்த வெள்ளைதான் கண்ணைக் கூசவைக்கும். அடியில் இருக்கிற எண்கள் ஒன்றும் தெரியாது. சாயப்பட்டறையில் வாங்கிய துணி சாம்பிள்கள் பின்சீட்டில் கட்டியிருந்தன. பதினோரு மணிக்குள் அவை அவன் வேலை பார்க்கும் நல்லூர் பனியன் கம்பெனிக்குப் போயாக வேண்டும். கலர் பார்த்து ஓகே சொல்ல, ஆர்டர் கொடுத்த பையரின் ஆள் சென்னையிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பார். மணி பத்தே முக்கால்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே பங்க் வரைக்கும் போனான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. பையரின் ஆள் அடுத்த கம்பெனிக்குக் கிளம்பியிருந்தார். "மூணு நாளா இதே மீட்டர் கதை சொல்றீங்க சிவராஜ்" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். செக்கிங் டேபிளில் நின்ற பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

கதையில்லை என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? அந்த மூடியோடு அவன் இரண்டு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தேய்த்தான். மேல் பூச்சு செதில் செதிலாக உரிந்ததுதான் மிச்சம். தேங்காயெண்ணெய் தடவினால் ஐந்து நிமிடம் கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரியும். அதற்குப் பிறகு ரோட்டுத் தூசி அத்தனையும் அதில் ஒட்டிக்கொள்ளும். செல்போன் கடையில் திரைமேல் ஒட்டும் ஸ்க்ரீன் கார்டை வெட்டி ஒட்டச் சொன்னான். வளைவாக இருப்பதால் ஒட்டவில்லை. வண்டி வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தினமும் காலையில் துணியால் துடைக்காமல் அதை அவன் வெளியே எடுத்ததில்லை.

காரணம் என்னவென்று அவனுக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு மீட்டரின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சந்தனம் உதிர்ந்துவிட்டது, குங்குமம் மட்டும் சிவப்பு வட்டமாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் சனிக்கிழமை வண்டியை சர்வீஸ் விட்டான். சாயங்காலம் எடுத்து வந்தபோது இருட்டியிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் சிவப்பு சுத்தமாக இல்லை. அதற்கு நாலாம் நாள் மூடி வெளுக்க ஆரம்பித்தது. கறையை எடுக்க வாட்டர் வாஷ் பண்ணுகிறவன் பெயிண்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் தேய்த்திருக்கிறான். வேறு எப்படி இருக்க முடியும்?

அன்று மதியமே நேராக ஷோரூமுக்குப் போனான். சர்வீஸ் பார்க்கும் நித்தீஷ் மூடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வெயில்ல நின்னா சில வண்டில இப்படி ஆகுதுங்ணா" என்றான்.

"வெயிலுங்களா? திருப்பூர்ல என்ற வண்டிக்கு மட்டுந்தான் வெயில் அடிக்குதுங்களா? தின்னர் போட்டவனைக் கூப்புடுங்க."

ஷெட்டிலிருந்து வண்டி கழுவும் முனீஸ் வந்தான். முப்பது வயதிருக்கும். பேண்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தான். நாளெல்லாம் தண்ணீரில் நின்று கால் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

"ஷாம்பு தவிர நான் வேற எதையும் தொடலண்ணே. அந்தக் குங்குமத்தத் தேச்சுப் பாத்தேன். போகல, அப்படியே விட்டுட்டேன்" என்றான். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு.

"நீ உட்டது எப்படித் தன்னால போச்சு?"

முனீஸ் மூடியையும் நித்தீஷையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த முழியே சிவராஜுக்குப் போதுமானதாக இருந்தது. செல்போனை எடுத்து மூடியை வீடியோ பிடித்தான். அப்படியே திருப்பி முனீஸின் முகத்தையும் பிடித்தான். "இவருதாங்க தின்னர் போட்டவரு, நல்லாப் பாத்துக்குங்க" என்று பேசிக்கொண்டே எடுத்தான். முனீஸ் கையைத் தூக்கி முகத்தை மறைக்கப் பார்த்தது, குற்றவாளி மறைப்பது போலவே விழுந்தது. ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் இரண்டில் போட்டான், வண்டிக் கம்பெனியின் புகார்ப் பக்கத்துக்கும் அனுப்பினான்.

நாலாம் நாள் ஷோரூமிலிருந்து போன் வந்தது. புது மூடி இலவசமாகப் போட்டுத் தருகிறோம், சம்பந்தப்பட்ட ஊழியரை நீக்கிவிட்டோம், வீடியோவை அழித்துவிடுங்கள் என்று ஒரு பெண் குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது. ரொம்ப நாளைக்குப் பிறகு சிவராஜுக்கு நெஞ்சு லேசானது. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி சித்ரகலாவிடம் சொன்னான். "பாத்தியா? உட்டுப்போட்டு வந்திருந்தா வெயிலுன்னு சொல்லியே ஏமாத்தியிருப்பானுங்க. அவனை வேலைய உட்டே தூக்கிட்டாங்க."

சித்ரகலா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"யார தூக்கிட்டாங்க?"

"வண்டி கழுவறவன."

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். துண்டில் துடைத்தாள். திரும்பி வந்து நின்று சொன்னாள். "அது நான் தொடச்சதுங்க."

அவனுக்கு விளங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தீங்கல்ல. சர்வீஸ் உட்டும் குங்குமம் போகலையேன்னு பாத்தேன். நான் வேலைக்குப் போற கம்பெனி செக்கிங்ல பனியன்ல எண்ணெக்கற எடுக்கறதுக்கு ஒரு லிக்விட் வெச்சிருப்பாங்க. அதுல துளி கொண்டாந்து வெச்சிருந்தேன், பஞ்சுல தொட்டுத் தொடச்சேன். பளிச்சுனு போச்சு. நீங்க பாத்து சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன்."

"ஏன்டி சொல்லல?"

"எப்பச் சொல்றது? வெளுக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து எவன் கைய ஒடைக்கலாம்னுதான் கத்தீட்டு இருந்தீங்க. தெனமும் சொல்லோணும்னுதான் நெனைப்பேன். நீங்க வர்ற மூஞ்சியப் பாத்தா சொல்ல வராது." அவள் குரல் ஏறவில்லை. "வேலைய உட்டுத் தூக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

கத்த வேண்டும் போல்தான் இருந்தது. வாயைத் திறந்தான். அவள் அதற்குத் தயாராகத் தோளைச் சுருக்கி நிற்பதைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் இப்போதுதான் கண்ணில் பட்டது. வெளியே வந்து வீடியோவை அழித்தான். அதற்குள் யாரோ அதை இன்னும் ஏழெட்டுக் குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் ஷோரூம் ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு நித்தீஷிடம் நடந்ததைச் சொன்னான். நித்தீஷ் சுற்றும்முற்றும் பார்த்தான். "அய்யோ, சத்தமாச் சொல்லாதீங்கங்ணா. அவன்தான் தப்புன்னு கம்பெனிக்கு எழுதி அனுப்பித்தான் மூடியே வாங்கியிருக்கு. இப்ப மாத்திச் சொன்னா என்னைய நோண்டுவாங்க. அவனுக்கு வேற எடத்துல வேலை கெடச்சிருக்குமுங்க, விடுங்க."

"எனக்கு இந்த மூடி வேண்டாமுங்க."

"போட்டாச்சுங்ணா."

இருவரும் பேசிக்கொண்டிருந்ததற்குள் போட்டுவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு எண்ணும் துல்லியமாகத் தெரிந்தது. ஷோரூம் மேனேஜரைப் பார்க்க ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். அவர் கேட்டுவிட்டு, "உங்க நல்ல மனசுங்க" என்று கைகொடுத்தார். முனீஸைத் திரும்ப எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரோ ஒரு மெக்கானிக்தான் பின்னாலேயே வந்து முனீஸ் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு வழி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது சித்ரகலாவும் செருப்பு மாட்டினாள். "செஞ்சது நானுங்க" என்றாள்.

எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு வீடுகள், நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்தில் சந்து. கடைசி வீட்டு வாசலில் முனீஸ் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வண்டியை அடையாளம் கண்டதும் எழுந்தான். அவன் மனைவி வேல்விழி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், வாங்க என்று சொல்லவில்லை.

சித்ரகலாதான் சொன்னாள், ஒன்றையும் விடாமல். சிவராஜ் அவள் பக்கத்தில் நின்றான். மன்னிச்சுக்குங்க என்ற வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். இப்போது அதைத் தரையைப் பார்த்தபடிதான் சொன்னான்.

முனீஸ் கேட்டு முடித்தான். "நான் அன்னைக்கே சொன்னேன்லண்ணே" என்றான்.

"ஆமாங்க."

"அந்த வீடியோவ ஊர்ல எங்கய்யா வரைக்கும் பாத்துட்டாரு. தின்னர்னா என்னன்னு அவருக்குத் தெரியாது. ஏன்டா திருடினன்னு கேக்காரு."

"நானே பேசி இன்னொரு வீடியோ போடறேனுங்க. என்ற மேலதான் தப்புன்னு சொல்றேன்."

"அதுலயும் எம்பேரு தானண்ணே வரும்."

சந்து முனையில் யாரோ, "தண்ணி வந்துருச்சு!" என்று கூவினார்கள். ஆறு நாளைக்குப் பிறகு வரும் தண்ணீர். பன்னிரண்டு வாசல்களிலிருந்தும் குடங்கள் வந்தன. வேல்விழி நான்கு குடங்களைத் தூக்கி வந்து ஒன்றை முனீஸ் கையில் கொடுத்தாள். அவன் இவர்களைத் தாண்டிக் குழாய்ப் பக்கம் நடந்தான்.

சிவராஜ் வண்டியைத் திருப்பினான். போக வழியில்லை. சந்தின் இந்தக் கோடி வரைக்கும் பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாகக் குடங்கள் வரிசையில் நின்றன. அவற்றை நகர்த்தச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சித்ரகலா குனிந்து, நகர்ந்துகொண்டிருந்த வரிசையில் வேல்விழியின் குடங்களை ஒவ்வொன்றாக முன்னால் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். வேல்விழி அவளைத் தடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. குழாயடியில் முனீஸ் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மெல்லிய நீர்க்கோடு குடத்தின் அடியில் விழுந்து, நிறையாமலே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.