லட்டுவின் தாடை

மூன்று மதிப்பெண் குறைந்து எம்.பி.பி.எஸ். கைநழுவியதால் கால்நடை மருத்துவத்துக்குப் போனவள் நான். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்த அப்பா, நாங்கள் குடியிருந்த மோதி பாக் குவார்ட்டர்ஸ் முழுக்க "காமாக்ஷி டாக்டருக்குப் படிக்கறா" என்று சொல்லிவிட்டு, எந்த டாக்டர் என்பதை மட்டும் ஐந்து வருடம் விழுங்கிவிட்டார். பதினெட்டு வருடமாக நாய்களையும் பூனைகளையும் அறுத்துத் தைக்கிறேன். எத்தனையோ நாய்கள் என்னைக் கடித்திருக்கின்றன. ஒன்றின் மேலும் கோபம் வந்ததில்லை. கூட வருகிற மனிதர்கள் மேல் தினமும் வருகிறது.

அன்று மதியம் ப்ரசன்னாவும் அவன் மனைவி சுபிக்ஷாவும் லட்டுவைத் தூக்கிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார்கள். அவள் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த பழுப்பு நாய். கீழ்த்தாடை உடைந்து தொங்கியது. அவள் குர்த்தா முழுக்க ரத்தமும் எச்சிலும்.

"மாடிப்படில விழுந்துடுத்து டாக்டர்," என்றான் ப்ரசன்னா.

விலாவில் முடியை மழித்தேன். அருகருகே இரண்டு சிவப்புக் கோடுகள், நடுவே வெளுப்பு. தடியால் ஓங்கி அடித்தால் இப்படித்தான் தடிக்கும். மேஜையைப் பிடித்திருந்த சுபிக்ஷாவின் முன்கையிலும் அதே இரட்டைக் கோடு.

"கம்பி போட்டுக் கட்டினா ஆறு வாரத்துல தாடை கூடிடும்," என்றேன்.

"வேண்டாம். ஊசி போட்டு முடிச்சுடுங்கோ. மேல பாயற நாய் வீட்டுக்கு ஆகாது."

"லட்டுவோட தடுப்பூசி கார்டுல ஓனர் பேர் சுபிக்ஷா. அவங்க கையெழுத்து இல்லாம அந்த ஊசியைத் தொட மாட்டேன் சார்."

அவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை. ஒரு தடுப்பூசிக்குக்கூட வந்தவனில்லை. பேனாவை எடுத்து அவள் விரல்களுக்குள் திணித்தான்.

"ஜல்தி. ஸைன் பண்ணு."

"நீங்க என்னை அடிக்கறச்சே குறுக்க வந்தது. அதுக்காகவா சாகணும்? மாட்டேன்," என்றாள்.

அவள் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேஜை விளிம்பில் மோதினான். உதடு கிழிந்தது. லட்டு மேஜையிலிருந்து அவன் மேல் பாய்ந்தது. பாவம், அதனால் கடிக்க முடியவில்லை. உடைந்த வாயால் அவன் மார்பில் முட்டி முட்டி ரத்தத்தைப் பூசியது. அவன் உதைத்த உதையில் சுவரில் மோதி அலறியது.

கடிக்கிற நாய்களைப் பிடிக்க எங்களிடம் ஒரு நீளக் கழி உண்டு. முனையில் கம்பிச் சுருக்கு. அதை அவன் கழுத்தில் மாட்டி இழுத்துச் சுவரோடு அழுத்தினேன். போலீஸுக்குப் போன் செய்ய ஒரு கையை எடுத்தபோது, சுபிக்ஷா கழியை வாங்கிக்கொண்டாள். நான் பேசி முடித்துத் திரும்பினேன். அவள் சுருக்கை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

மயக்கத்தில் கிடக்கும் நாயின் ஈறு நிறத்தைப் பார்த்தே மூச்சு எந்த மட்டில் இருக்கிறது என்று சொல்பவள் நான். அவன் உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'விடு' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு நன்றாக இருந்தது.

சுருக்கைத் தளர்த்தியது சுபிக்ஷாதான். அவன் தரையில் சரிந்து இருமினான். கழியைக் கைவிடாமல், வழியும் ரத்தத்தைத் துடைக்காமல், அவள் என்னைப் பார்த்தாள்.

"என்ன டாக்டர், நின்னுண்டே இருக்கேள்? லட்டு துடிக்கறது. அதைப் பாருங்கோ."