தையல்காரம்மாவின் இடது குதிகால்

நாய்க்கு மூட்டை என்று பெயர் வைத்தது தையல்காரம்மாவின் மகள். அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காமல் அதுவும் வளர்ந்தது. ஆளைக் கண்டால் குரைக்காது, ஓடாது. பக்கத்தில் போய் நின்று முகத்தைப் பார்க்கும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு இதைவிடத் தோதான நாய் எங்கே கிடைக்கும்? வியாழக்கிழமைதோறும் தையல்காரம்மா கடையை அரைநாள் பூட்டிவிட்டு, மூட்டையைக் குளிப்பாட்டி, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டி, நோயாளிகளைப் பார்க்கக் கூட்டிப்போவாள். சம்பளம் கிடையாது. "கிளம்பிட்டா மகராசி" என்று புருஷன் கிண்டலடிப்பான். ஆனால் நாய்க்கு ஈரம் போகத் துவட்டிவிடுவது அவன்தான்.

மூன்றாவது மாடியில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. பயிற்சிக்குக் கூப்பிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மனைவி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் ஓய்ந்துபோனாள். இப்படியே இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று பேச்சு அடிபட்டது.

அந்த நிலையில்தான் தையல்காரம்மா வாய்க்கு வந்ததை அளந்துவிட்டாள்.

"கையைத் தூக்கினீங்கன்னா இது உக்காரும், பாருங்கண்ணே."

டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். தலையைத் தொங்கப்போட்டபடி முக்கினார், முனகினார். கை தொடையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. அதற்கு எந்த நாய் உட்காரும்?

மூட்டை உட்கார்ந்தது.

தையல்காரம்மா இடது குதிகாலை லேசாகத் தூக்கியிருந்தாள். மெஷினில் இரண்டு கையும் துணியோடு மாட்டிக்கொள்ளும் தொழில் அவளுடையது. அதனால் குட்டியிலிருந்தே நாயைக் காலால்தான் பழக்கியிருந்தாள். கைக்கும் வாய்க்கும் மூட்டை மசியாது.

டிரைவர் சிரித்தார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல யாருக்கு நாக்கு எழும்? எட்டு வியாழக்கிழமைகள் குதிகால் வேலை நடந்தது. மற்ற நாட்களில் மனுஷன் விடாமல் பயிற்சி செய்தார். குட்டு உடைந்தால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாரே என்று தையல்காரம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒன்பதாவது வாரம் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் சொன்னாள்: "இன்னைக்கு நாயை அண்ணன் பிடிச்சுக்கட்டும். நீங்க வாசல்லயே நில்லுங்கக்கா."

வாசலுக்கும் டிரைவரின் சக்கர நாற்காலிக்கும் நடுவே கட்டில். கயிற்றை இடது கையில் பிடித்துக்கொண்டு டிரைவர் வலது கையைத் தூக்கினார். மூட்டை திருதிருவென்று முழித்தது. தையல்காரம்மா குதிகாலைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். கட்டில் மறைவில் யார் கண்ணுக்குத் தெரியும்? உட்கார்ந்து தொலையேன் சனியனே என்று மனசுக்குள் மன்றாடினாள். மூட்டை நின்றுகொண்டே இருந்தது.

"அது உக்காராது" என்றார் டிரைவர். "தங்கச்சியோட குதிகால் தெரியணும்."

தையல்காரம்மா தூக்கிய குதிகாலைச் சட்டென்று இறக்கினாள். "அண்ணே... எப்போ தெரிஞ்சுது?"

"முதல் நாளே. தலையைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கிறவனுக்கு வேற என்ன தெரியும்? வந்தவங்க காலுதான்."

"அப்புறம் ஏன்ணே ஒண்ணும் சொல்லல?"

"திருடி மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னியேம்மா, பாவமா இருந்துச்சு. எனக்காக ஒருத்தி இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்றா, நாம கையையாவது ஒழுங்காத் தூக்குவோம்னு நினைச்சேன்."

தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிசியோ பெண் இந்தப் பேச்சு எதையும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. அவள் டிரைவரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு சுவாரஸ்யத்தில் அவர் அதை இறக்க மறந்திருந்தார். தோள் உயரத்தில், நடுங்கியபடி, அது அப்படியே நின்றது.

ஜன்னலோரம் நின்றிருந்த அவர் மனைவி மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"இறக்கிடாதீங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிறேன்."