எட்டுப் பேரைப் போட்டால்

ஆண்டாள் பகலில் புரோகிராம் எழுதுவாள், நான் இரவில். மண்டி மொஹல்லா கடைத்தெருவில் ஒரு துணிக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்வோம். எதை மாற்றினோம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருக்கும்.

1998. ஒரு ஆலையில் ஓய்வு பெற்றவர்களின் பட்டியல். வருடங்களை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் பிறந்தால் எல்லாம் குழம்பிவிடும். நான்கு இலக்கமாக மாற்ற வேண்டும்.

"ஆண்டாள் மூணு வாரம் கேக்கறா. ஹௌதா? அவ்வளவு வேணுமா?" என்று முதலாளி லிங்கப்பன் என்னைத் தனியாகக் கேட்டார்.

மூன்று வாரம் சரியான கணக்கு. எனக்குத் தெரியும். ஆனால் ஆள் கூடினால் மெஷின்களும் கூடும், வேலை பகலுக்குப் போகும், நான் இரவில் தூங்கலாம்.

"எட்டுப் பேரைப் போடுங்க சார். ஒரே வாரம்."

போட்டார். ஆண்டாள் என்னை முறைத்தாள். "கல்யாணச் சமையலாடா இது, ஆளைச் சேர்த்தா பந்தி சீக்கிரம் போட? எனக்கு நீ ஒருத்தன் போறும்."

அதன் பிறகு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. நாள் முழுக்க விளக்கிக்கொண்டிருந்தாள். ஒருவனுக்குச் சொன்னதை அவன் இன்னொருவனுக்குத் தப்பாகச் சொல்ல, அதைத் திருத்த மறுநாள் போயிற்று. ஒரு வாரம் ஐந்து வாரமானது.

நோட்டில் அவள் எழுதியிருந்தாள்: 'முப்பதுக்குக் கீழே இருந்தால் முன்னால் இருபது சேர். பிறந்த வருடத்துக்கு மட்டும் எப்போதும் பத்தொன்பது.' புதியவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தவன் நான். பிறந்த தேதிகளை மாற்றும் வேலையை வாங்கிக்கொண்டவனிடம் இரண்டாவது வரியைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். நோட்டு ஒன்று, ஆள் பத்து, யார் படிக்கிறார்கள்?

ஆலையில் ஓட்டிப் பார்த்தார்கள். 1918இல் பிறந்த ஒரு ஃபோர்மேனின் வயது மைனஸ் இருபது என்று வந்தது. சிரித்தார்கள். பிறகு திட்டினார்கள்.

"பொறுப்பு உன்னோடதுதானே?" என்றார் லிங்கப்பன், ஆண்டாளிடம். அவள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். அன்றே அவளை அனுப்பிவிட்டார். எட்டுப் பேரையும்தான்.

ஆலை இன்னொரு மாதம் தந்தது.

"இப்போ எத்தனை பேர் வேணும், சுதர்ஷன்?"

"என்னோட ஒருத்தர் போதும் சார்."

"யாரு?"

அவள் பெயரைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"யாராயிருந்தாலும் சரி சார்" என்றேன்.