அன்பாகப் பேசச் சொன்ன டாக்டர்

வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், இலங்கை மலைநாட்டில் பெரகலைக்கு மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் ஒருவர் வந்தார். கொழும்பில் பிறந்து இலண்டனில் படித்தவர். தமிழில் ‘வலி’, ‘இல்லை’ என்று இரண்டு சொல் அவருக்குத் தெரியும். நோயாளிகள் முதல் சொல்லைச் சொன்னால் அவர் இரண்டாவது சொல்லைச் சொல்வார்.

பெண்கள் வார்டுக்கு ஒரே நர்ஸ், அன்னப்பாக்கியம். யாழ்ப்பாணத்துக்காரி. கட்டிலில் கிடப்பவர்களின் பெயர் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. ‘வயித்தோட்டம்’, ‘இருமல்’, ‘கால்புண்’ என்று நோயைச் சொல்லியே கூப்பிடுவாள். “எடி கால்புண், காலை நீட்டு! அசையாதை!” என்று அவள் போடும் சத்தம் ரோட்டு வரை கேட்கும். நோயாளிகளும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் கேட்காத சத்தமா?

டாக்டர் வந்ததும் அன்னப்பாக்கியத்தையும் வேலையாட்களையும் வரிசையாக நிறுத்தி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். நோயாளியின் பக்கத்தில் உட்கார வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், மெல்லிய குரலில் விசாரிக்க வேண்டும், மனசு தேறினால் உடம்பு தானாகத் தேறும், இலண்டனில் எல்லாம் இப்படித்தான் என்றார். கட்டிலருகே போய்ச் செய்து காட்டச் சொல்வார்களோ என்று பயந்தவர்போல் சட்டென்று முடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்னப்பாக்கியம் உத்தரவை மீறாதவள். மறுநாள் காலையில் கால்புண்ணின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். கால்புண்ணின் பெயர் பெரியாயி, கொழுந்து பறிக்கிறவள். கல்லில் சறுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டாள் என்று சொல்லிக் கங்காணி கொண்டுவந்து விட்டிருந்தான்.

நர்ஸ் அவள் கையைப் பிடித்தாள். தேவாலயத்தில் பேசுகிற குரலில், “பெரியாயி, பயப்படாதை. கடவுள் இருக்கிறார். வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?” என்றாள்.

அந்த வார்டில் நர்ஸ் கட்டிலில் உட்கார்ந்து பெரியாயி பார்த்தது அதற்கு முன் ஒரே தடவைதான். மூலைக் கட்டிலில் கிடந்த ரெங்கம்மாவின் கையை அப்படித்தான் பிடித்தாள். கடவுள் பேரை அப்படித்தான் சொன்னாள். மறுநாள் ரெங்கம்மாவைப் பாயில் சுற்றிக் கொண்டுபோனார்கள்.

“புருசன் இருக்காருங்க. தங்கச்சி இருக்கா,” என்றாள் பெரியாயி. யாருக்குச் சொல்லியனுப்பக் கேட்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

நர்ஸ் எழுந்து போனதும், பக்கத்துக் கட்டில் வள்ளியம்மையைக் கூப்பிட்டாள். “அக்கா, என் கத முடிஞ்சிருச்சு. மூக்குத்திய தங்கச்சிக்கிட்ட குடுத்துருங்க.”

“நல்லாத்தானேடி இருக்க?”

“நல்லா இருக்கிறவ பக்கத்துல நர்சம்மா வந்து ஒக்காருவாங்களா?”

வள்ளியம்மை அந்த மூக்குத்தியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து பெரியாயி முனகவில்லை, அழவில்லை. மருந்து தடவும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தாள். சாகப்போகிறவள் எதற்குச் சத்தம் போட வேண்டும்? இதைக் கேள்விப்பட்ட டாக்டருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தன் முறை வேலை செய்கிறது! உடனே ஆஸ்பத்திரியை மேற்பார்வை பார்க்கிற துரைமாரில் பெரியவரை அழைத்துவந்தார். அவர் பெரியாயியின் தோட்டத்துத் துரையேதான். இருபது வருஷத்துக்கு மேல் மலையில் இருந்தவர். தோட்டத் தமிழில் பேசுவார், அதைவிட நன்றாகத் திட்டுவார்.

“கேளுங்கள் நர்ஸ், நான் சொன்ன மாதிரி,” என்றார் டாக்டர்.

அன்னப்பாக்கியம் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். “பெரியாயி, மனசில என்ன இருந்தாலும் சொல்லு. கால் எப்பிடிக் காயப்பட்டது?”

பெரியாயி துரையைப் பார்த்தாள். வேறொரு நாளாயிருந்தால் தலையைக் குனிந்திருப்பாள். செத்துப்போகிறவளுக்கு எந்தத் துரை?

“கல்லும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. கொழுந்துல முத்துன எல இருக்குன்னு இந்தத் தொரதான் பூட்சு காலால ஒதச்சாரு. கூடைய ஒதச்சாரு, காலுலயும் பட்டுச்சு. வுழுந்ததுக்கப்புறமும் ஒதச்சாரு. சறுக்கி வுழுந்தேன்னு சொல்லச் சொல்லிக் கங்காணிதான் சொல்லிக் குடுத்தாரு.”

துரையின் முகம் கழுத்து வரை சிவந்தது. டாக்டருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. “பாருங்கள், எவ்வளவு தாராளமாகப் பேசுகிறாள்!” என்று சிரித்தார். “என்ன சொல்கிறாள், நர்ஸ்?”

அன்னப்பாக்கியம் துரையைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்த காலைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

டாக்டரின் சிரிப்பு முகத்திலேயே நின்றது, இறங்க இடம் தெரியாமல்.

“ஜுரத்தில் உளறுகிறாள்,” என்றார் துரை.

“ஆமாம், ஜுரம்தான்,” என்றார் டாக்டர், அவள் நெற்றியைத் தொடாமலே.

அன்று பின்னேரம் புது உத்தரவு வந்தது. நோயாளிகளிடம் தொடர்ந்து அன்பாகப் பேச வேண்டும். ஆனால் பதில் வரக்கூடிய கேள்வி எதையும் கேட்கக்கூடாது.

அன்னப்பாக்கியம் மருந்துத் தட்டோடு பெரியாயியிடம் வந்தாள். “எடி, உனக்கென்ன துணிச்சல்! துரையின்ர முகத்துக்கு நேர சொல்லிப்போட்டாய்!”

“சாவப்போறவளுக்கு என்னங்க பயம்?”

“ஆர் சாகப்போறது?”

“நாந்தான். நீங்கதானே கையப் புடிச்சு, வூட்ல யாரு இருக்கான்னு கேட்டீங்க?”

நர்ஸ் வாய் பிளந்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். “அது டாக்டர் சொல்லித் தந்ததடி! உன்ர புண் ஆறுது. இன்னும் கொஞ்ச நாளில நடப்பாய்.”

பெரியாயி எழுந்து உட்கார்ந்தாள். சாவு வருகிறது என்றபோது வராத அழுகை இப்போது வந்தது. “அய்யோ, பொழச்சுட்டேனா? அப்ப நான் திரும்ப அந்தத் தொரகிட்டயில்ல போவணும்!”

நர்ஸின் சிரிப்பு நின்றது. புண்ணைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். கழுவிக்கொண்டே, முதல் உதை எங்கே பட்டது, இப்போதும் விலாவில் வலிக்கிறதா, இரவில் தூக்கம் வருகிறதா என்று தன் வழக்கமான முரட்டுக் குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாமே பதில் வரக்கூடிய கேள்விகள். பெரியாயி மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்தப் புண் ஆறவே மாட்டேன் என்றது. டாக்டர் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். “இன்னும் சீழ் வருகிறது, கிட்ட வந்து பாருங்கள்,” என்பாள் நர்ஸ் ஆங்கிலத்தில். அவர் கைக்குட்டையை இறுக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். பெரியாயிக்கு முனகுவதும் கைவந்துவிட்டது. துரை ஆள்மேல் ஆள் அனுப்பினார். ‘ஆறவில்லை’ என்ற பதிலே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் துரை லீவு எடுத்துக்கொண்டு சீமைக்குக் கப்பலேறினார். அந்தச் செய்தி வந்த வாரமே புண் அதிசயமாக ஆறிவிட்டது.

டாக்டர் பதுளைக்குப் போய், கனவான்கள் கூடிய சபையில், அன்பான பேச்சினால் நோய் தீரும் விதம் பற்றி உரையாற்றினார். கைதட்டல் பலமாக இருந்ததாம். மழைக்காலம் தொடங்குவதற்குள் அன்னப்பாக்கியத்தை மட்டக்களப்புக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, வண்டிக்காரனைத் திட்டியபடியே போனாள்.

பெரியாயி வேலைக்குத் திரும்பிய காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டில் புதிதாக வந்த இளம் துரை கங்காணியிடம் அரைகுறைத் தமிழில் கேட்டார், “இவ எங்க இருந்தது?”

கங்காணி வாயைத் திறந்தான். பெரியாயி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். துரைக்கு முன்னால் பேசிப் பழகிய வாய் அது என்று அவனுக்குத் தெரியும்.

“ஆஸ்பத்திரியிலங்க. காலு சொகமில்ல,” என்று சொல்லி, ரோட்டோரம் மேடு பள்ளமில்லாத இடத்தில் கொழுந்து பறிக்க அவளுக்கு நிரை கொடுத்தான். அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் நொண்டியபடி, மற்றப் பெண்களுக்குப் பின்னால் நடந்தாள்.